ஓடைக்கு அந்தப் பக்கம் பதினோரு கம்பங்கள்

பெண்டிகோ
வியாழன், 3 மார்ச் 2016

அவ்னர்,

‘அன்புள்ள தம்பிக்கு’ என்று தொடங்கக் கை வரவில்லை. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ தன்னாத் தீவுக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. மலை மேல் போன் எடுக்காது, கடிதம் போட்டால் விமானத்தில் வந்து சேரும் என்று உன் தொண்டு அமைப்பில் முகவரி கொடுத்தார்கள். ‘எழுது, எழுது’ என்று அம்மா தினமும் மெல்பர்னிலிருந்து போனில் நச்சரிக்கிறாள். அந்தத் தொல்லை தாங்காமல்தான் எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது என்று கணக்குப் போடாதே.

உன் வழியனுப்பு விருந்தில் நீ பேசியது எனக்கு ஒரு வரி விடாமல் நினைவிருக்கிறது. கையில் கோப்பையோடு எழுந்து நின்றாய். “புயல் அடிச்சு ஒரு தீவே கூரையில்லாம நிக்குது. இங்க படிச்ச புள்ளைங்க பதினெட்டுப் பேரு ஊரச் சுத்திக் கம்பி கட்டிட்டு, ஓய்வுநாள்ல தள்ளுவண்டி தள்ளலாமா கூடாதான்னு பட்டிமன்றம் நடத்துறோம். இதுக்குப் பேரு சேவையா?” என்று கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை இடுப்பிலும் இன்னொன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு ஹதாஸ் கதவோரம் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை, சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

இத்தனைக்கும் அந்தக் கம்பியைக் கட்டியதே நீதான். ஒரு யூதச் சமூகத்தைக் கட்டலாம் என்று இந்த ஊருக்கு வந்த நம் பதினெட்டுப் பேரில் ஏணி ஏறத் தெரிந்த ஒரே ஆள் நீ. நம் சட்டப்படி ஊரைச் சுற்றிக் கம்பி ஓடினால் உள்ளே இருப்பது முழுக்க ஒரே வீட்டு முற்றம் போல. அப்போதுதான் சனிக்கிழமை ஓய்வுநாளில் வெளியே பிள்ளையைத் தூக்கலாம், வண்டி தள்ளலாம், ஒரு பாத்திரத்தையாவது கையில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். இது உனக்குத் தெரியாததில்லை. கட்டியவனே கேலி செய்தால் என்ன செய்வது?

நீ போன பிறகு வாரா வாரம் பார்த்து வரும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பதைத் தொட்டவள் நான் ஒருத்திதான், பொறுப்பானவள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை மருந்துக்கடையில் எனக்கு அரை நாள். சைக்கிளில் பத்தொன்பது கிலோமீட்டர், கழுத்தை அண்ணாந்துகொண்டே. போன வாரம் தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டைக்கிளிகள் கம்பியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு அதே கம்பத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கத்தின. உன் நினைவு வந்தது. கட்டிச் சரிசெய்துவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் எல்லோர் போனுக்கும் ‘கம்பி நன்றாக இருக்கிறது’ என்று செய்தி அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா எழுதச் சொன்னது அது.

திர்சா


மலை மேல், தன்னா
24 மார்ச்

அக்கா,

கோபமாக எழுதினாலும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். இங்கே கடிதம் வந்தால் ஊரே கூடி நின்று நான் படிப்பதை வேடிக்கை பார்க்கும். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே படித்தேன். நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்று நம் எஸ்தர் திருநாள். நான் ஒருவன்தான் இங்கே யூதன். அதனால் ஊர்த் தண்ணீர்க் குழுவின் தலைவர் இயாட்டியை உட்கார வைத்து எஸ்தர் கதையைச் சொன்னேன். அவர் தேவாலயத்து ஆள், பைபிள் தலைகீழ்ப் பாடம். நான் விட்ட இடமெல்லாம் எடுத்துக் கொடுத்தார். வில்லனைத் தூக்கில் போடும் இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். திருநாள் வழக்கப்படி ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் இரண்டு வாழைப்பழமும் அனுப்பினேன். அவர் வீட்டிலிருந்து ஒரு கூடை கிழங்கு வந்தது. நான் தோற்றேன்.

வேலை நன்றாகப் போகிறது. மேலே ஊற்று, கீழே ஊர், நடுவில் நாலு கிலோமீட்டர் கருப்புக் குழாய். புயலில் பழைய குழாய் முழுக்கப் போய்விட்டது. பெண்கள் விடிந்ததும் மலையேறித் தண்ணீர் சுமக்கிறார்கள். நான் பிளம்பர் வேலைக்குப் போனபோது அம்மா மூன்று நாள் பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? இங்கே பிளம்பருக்கு மரியாதையைப் பார்த்தால் அவளே என்னைப் பெற்றதற்குப் பெருமைப்படுவாள்.

விருந்தில் பேசியதைப் பற்றி. வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. ஹதாஸ் இருந்தது எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னதில் பொய்யில்லை அக்கா. இங்கே வந்து பார்த்தால் நீயும் அதைத்தான் சொல்வாய்.

ஒன்று. ஓடைப் பக்கம் இருக்கும் பதினோரு கம்பத்துக்கு நீ இறங்கிப் போக வேண்டாம். பாலத்திலிருந்து பார்த்தாலே கம்பி தெரியும். கீழே முட்புதர், பாம்பும் இருக்கும். சும்மா ஒரு எச்சரிக்கைக்குச் சொன்னேன்.

அவ்னர்


பெண்டிகோ
வியாழன், 14 ஏப்ரல்

தம்பி,

பாலத்திலிருந்துதான் பார்க்கிறேன், கவலைப்படாதே. பாம்பு என்று கேட்ட பிறகு அந்தப் பக்கம் கால் வைப்பேனா?

பஸ்கா விழா வரப்போகிறது. புளித்த ரொட்டியில் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாதே, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எல்லோரும் வீட்டைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். எலியாவ் தன் காரின் இருக்கையைக் கழற்றி ரொட்டித் துணுக்கு தேடுகிறான். நம் தொழுகை வீடு முன்பு தையல் மிஷின் கடையாக இருந்ததால் தரை இடுக்கில் ரொட்டிக்குப் பதில் ஊசிதான் கிடைக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சண்டைக்கு இல்லை. ஹதாஸைப் பற்றி.

இரட்டைப் பிள்ளைகள் பிறந்த பிறகு அவள் பேச்சு குறைந்துபோனது உனக்குத் தெரியும். எவ்வளவு குறைந்தது என்று எனக்கே தெரியாது. அவள் கணவன் கவ்ரியேலுக்கு மருத்துவமனை வார்டில் வேலை, முக்கால்வாசி ஓய்வுநாள் அங்கேதான். நோயாளியை விட்டுவிட்டு வர முடியாது. கம்பி இல்லாதபோது வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை அவள் இரண்டு பிள்ளைகளோடு வீட்டுக்குள்ளேயே கிடப்பாள். தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டக் கூடாது. நாம் எல்லோரும் அவள் ஜன்னலைக் கடந்துதான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். கை ஆட்டிவிட்டுப் போனோம், அவ்னர். இரண்டு வருடம் ஒரு சமூகத்தைக் கட்டுகிறோம் என்று மார்தட்டிக்கொண்டு, ஒருத்தியை ஜன்னலுக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்தோம்.

இப்போது சனிக்கிழமை காலை பத்து மணிக்கே தலைவாரி, பெரிய இரட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடைக்கரைப் பாதையில் வருகிறாள். முதல் மாதம் யாரோடும் பேசவில்லை, நடந்துகொண்டே இருந்தாள். போன வாரம் நானும் கூட நடந்தேன். பாதி வழியில் அவளாகவே சொன்னாள்: “திர்சா, முந்தியெல்லாம் வியாழக்கிழமையே மணிய எண்ண ஆரம்பிச்சிடுவேன், சனி வருதே சனி வருதேன்னு. ஒரு நாள் சனிக்கிழமை புள்ளைங்கள விட்டுட்டுக் கதவத் தொறந்து எங்கயாவது போயிடலாமான்னு நெனச்சேன். திரும்பி வராத மாதிரி.” வண்டியின் ஒரு கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டேன்.

கவ்ரியேலுக்கு மெல்பர்னில் ஒரு பெரிய மருத்துவமனையில் இடம் கிடைத்திருக்கிறது. ஜூன் மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே கம்பி இருக்கிறது, அவள் அம்மா வீடு பக்கத்தில் இருக்கிறது. இங்கேயும் கம்பி நிற்கிறது என்பதால்தான் யோசிக்கிறாள். “இங்கயே இருந்துடலாம்னு தோணுது” என்று சொன்னாள். அவர்கள் போனால் அடுத்த வருடம் இன்னும் இரண்டு குடும்பம் போகும். பிறகு நாங்கள் எஞ்சியவர்கள் ஊசி பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கூரையில்லாத தீவுக்கு நீ குழாய் போடுவதை நான் குறைவாக நினைக்கவில்லை. அங்கே தண்ணீர் சுமக்கும் பெண்களைப் பற்றி நீ எழுதியதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் நீ கட்டிய கம்பியால் இங்கே ஒரு பெண் பிழைத்துக் கிடக்கிறாள். அதையும் உன் கணக்கில் வைத்துக்கொள் என்று சொல்லத்தான் எழுதினேன். உன்னைத் திட்டிய வாயால் இதையும் சொல்கிறேன், எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அக்கா


தன்னா
ஞாயிறு, 15 மே

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன், இது நான்காவது. முதலில் சிரிப்பு வரும் பகுதியைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இங்கே அபராதம் போட்டார்கள். ஒரு பன்றி.

குழாய் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு. ஊர்ச் சடங்கு முடியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று மூடியிருந்தார்கள். மூடுவது என்றால் வேலியோ பூட்டோ இல்லை. ஒரு குச்சி நட்டு அதில் இரண்டு ஓலையைக் குறுக்காகக் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். சுற்றிப் போனால் எனக்கு மூன்று நாள் வேலை கூடும். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குச்சியைப் பிடுங்கி ஆறடி உள்ளே தள்ளி நட்டேன். அந்த இடைவெளியில் குழாயைப் புதைத்தேன். பிறகு குச்சியைப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டேன். ஓலை ஓலைதானே, ஆறடியில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் மண்வெட்டியோடு ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. யாரும் திட்டவில்லை, முறைக்கவில்லை, கிழங்கு மட்டும் வழக்கம்போல் வாசலுக்கு வந்தது. நாலாம் நாள் இயாட்டி வந்து அபராதத்தைச் சொன்னார். நான் பன்றியைத் தொடவே மாட்டேன், எங்கள் மத வழக்கம் அப்படி என்றதும் பெரியவர்களுக்குச் சிரிப்பு அடங்க ஒரு மணி நேரம் ஆனது. ஒரு பன்றிக்கு எத்தனை சேவல் சமம் என்று அப்புறம் பேரம் நடந்தது. பன்னிரண்டில் முடிந்தது. சேவல்களைத் துரத்திப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, ஊர்ப் பிள்ளைகள் எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு இயாட்டி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: “நீ ஆறடி தள்ளி வெச்சது பெருசில்ல தம்பி. அந்த ஓலைக்குக் கையா காலா, யாரையும் தடுக்குறதுக்கு? நாங்க ஒருத்தரும் ஏமாத்த மாட்டோம்னுதான் அது அங்க நிக்குது. உங்க ஊர்ல இந்த மாதிரி ஒண்ணும் கெடையாதா?”

கிடையாது என்று சொல்ல வந்தேன், நான் கட்டிய கம்பி நினைவுக்கு வந்தது. இனிமேல் சிரிப்பு இல்லை அக்கா.

ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. கம்பி முடிக்க வேண்டிய நாள். கம்பி சட்டப்படி இருக்கிறது என்று சான்று தர மெல்பர்னிலிருந்து வந்த மதகுரு ரபி ஃபிங்கல் என்னோடு சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்து மணிக்கு ஓடைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். பொழுது சாய்ந்து ஓய்வுநாள் தொடங்குவதற்குள் அவர் வீட்டுக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அந்தப் பக்கம் பதினோரு கம்பம் இன்னும் கம்பி ஏறாமல் இருந்தது. “அங்கயும் இதே மாதிரிதானே?” என்று கேட்டார். இதே மாதிரி செய்துவிடுகிறேன் என்றேன். நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

உனக்குச் சட்டம் தெரியும். கம்பி கம்பத்தின் உச்சி மேல் போக வேண்டும், நிலைக்கு மேல் உத்திரம் போல. அப்போதுதான் அது வாசல். பக்கவாட்டில் அடித்தால் வாசலும் இல்லை, சுவரும் இல்லை. நாற்பது டிகிரி வெயில். ஏணியை நட்டால் சேற்றில் புதைகிறது. இரண்டு முறை விழுந்தேன். கடைசியில் உச்சிக்கு ஒரு சாண் கீழே, பக்கவாட்டில், பதினொன்றுக்கும் அடித்துவிட்டு வந்துவிட்டேன். பாலத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தெரியாது என்று பாலத்தில் நின்று நானே பார்த்துக்கொண்டேன்.

அறியாமல் நடந்தது இல்லை. தெரிந்தே செய்தேன். விருந்தில் அப்படிப் பேசியதும் அதனால்தான். கம்பி கட்டுவதே ஒரு கூத்து என்று ஆகிவிட்டால் என் திருட்டும் திருட்டில்லை அல்லவா?

உன் ஏப்ரல் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ‘பெருமையாக இருக்கிறது’ என்ற வரியைப் படிக்க முடியவில்லை. இந்த நாலு மாதமும் ஹதாஸ் வண்டி தள்ளியது கம்பியே இல்லாத ஊரில். எதைச் செய்யக் கூடாது என்று இரண்டு வருடம் உள்ளேயே கிடந்தாளோ, அதை என்னால் வாரா வாரம் செய்திருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வாய் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அவ்னர்


பெண்டிகோ
ஞாயிறு, 5 ஜூன்

அவ்னர்,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. பதினெட்டு நாள் ஆகியிருக்கிறது. அதற்குள் இரண்டு ஓய்வுநாள் போய்விட்டது. மலையிறங்கினால் கடற்கரை ஊரில் போன் இருக்கிறது. உனக்குச் சேவல் துரத்தத் தெம்பு இருந்தது, போன் செய்யத் துணிச்சல் இல்லை. தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டாய். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் நெஞ்சு ஆறாது.

கடிதத்தைப் படித்துவிட்டு நேராக ஓடைக்குப் போனேன். முழங்கால் தண்ணீர், மேலே முள். கால் முழுக்கக் கீறல். பதினொன்றையும் பார்த்தேன். நீ சொன்னபடி ஒவ்வொன்றும் பக்கவாட்டில். கரையில் உட்கார்ந்து அழுதேன். உனக்காக அழவில்லை. நாலு மாதமாக வாரா வாரம் நான் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ‘கம்பி நன்றாக இருக்கிறது’ என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். நீ பொய்யாகக் கட்டினாய், நான் பொய்யாகச் சாட்சி சொன்னேன். இதில் உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ரபி ஃபிங்கலுக்குப் போன் செய்தேன். “என் கண்ணால பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. ஜனங்க தெரியாமப் பண்ணினது, அவங்க மேல பாவம் இல்ல. பழசக் கிளறி யாரையும் நோகடிக்காத. இந்த வாரம் கம்பி இல்லன்னு மட்டும் சொல்லு, சரிபண்ணு” என்றார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். எலியாவும் இன்னும் இரண்டு பேரும் ஏணியோடு வந்தார்கள். ஏன் என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. கொட்டுகிற மழை. ஒருவன் ஏணியைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்க, ஒருவன் ஏறினான். ஏழு முடிந்தது. எட்டாவது கம்பத்தின் தலை உளுத்துப்போயிருந்தது, ஆணி நிற்கவில்லை. ஐந்து மணிக்கு முன்னால் விளக்கேற்ற வேண்டும். நாலரைக்கு இறங்கிவிட்டோம். வீடு வீடாக ஓடி இந்த வாரம் கம்பி இல்லை என்று சொன்னேன்.

அன்று மாலைத் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றேன். ரபி சொன்னபடி உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் என் பெயரைச் சொன்னேன். ஓடைப் பக்கம் தொடக்கத்திலிருந்தே சரியில்லை, நான் ஒரு நாளும் கடந்து போய்ப் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று வாரா வாரம் உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். மறைத்து வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை எந்த முகத்தோடு செய்தி அனுப்புவது? ஹதாஸ் அங்கே இல்லை. கவ்ரியேல் வார்டில், அவள் பிள்ளைகளோடு வீட்டில். கம்பி இல்லையே, எப்படி வருவாள்?

சனிக்கிழமை காலை தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் நின்றிருந்தாள், பழைய இடத்தில். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டாள். கிண்ணம் காலியானதும் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்:

“நாலு மாசம் நான் வெளிய நடந்தேன். அது தப்புன்னா, அந்தத் தப்புலதான் நான் உசுரோட இருக்கேன். கடவுள் கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன். நீ அழாத.” கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, “ஆனா திர்சா, இனிமே அந்தச் செய்திய நான் எப்படி நம்புறது?” என்று கேட்டாள்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அப்போது கதவைத் தட்டினார்கள். எலியாவ் நின்றான், வெறுங்கையோடு. கம்பி இல்லாத நாளில் கையில் ஒரு கைக்குட்டைகூட எடுத்து வர முடியாதே. அவனுக்குப் பின்னால் இரண்டு பேர், கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலு பேர். வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு நடக்க முடியாது என்று கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்திருந்தார்கள். நடக்கத் தெரியாத குழந்தை உள்ள வீட்டில் ஒருவர் தங்கி ஒருவர் வந்தார்கள், பிறகு மாற்றிக்கொண்டார்கள். அவரவர் வீட்டில் அடுப்பு மேல் வெந்த சாப்பாடு அப்படியே கிடக்க, பதினான்கு பேர் ஹதாஸ் வீட்டில் உட்கார்ந்தோம். இருந்தது ஒரு குண்டான் பீன்ஸும் இரண்டு பின்னல் ரொட்டியும். ஆளுக்கு நாலு கரண்டி. யார் தொடங்கி வைத்தது என்று இதுவரை எனக்குத் தெரியாது, ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். இருட்டும்வரை பாட்டு. அவள் ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

இவர்களோடு ஒரே ஊரில் இருக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று இருந்தது. நாம் இருவரும் இவர்களைத்தான் ஏமாற்றியிருக்கிறோம்.

இன்று காலை மீதி நாலு கம்பமும் முடிந்தது. உளுத்ததை மாற்றிவிட்டோம். கவ்ரியேல் மெல்பர்னுக்கு என்ன பதில் சொல்வான் என்று தெரியவில்லை. ஹதாஸிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திர்சா


தன்னா
ஞாயிறு, 26 ஜூன்

அக்கா,

உன் கடிதம் கிடைத்த அன்றே மலையிறங்கினேன். போன் செய்தேன். எடுத்தாய். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். மறுபடி செய்யவில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை. கடற்கரையில் ஒரு ராத்திரி உட்கார்ந்துவிட்டுத் திரும்பி ஏறினேன்.

என் பெயரை மறைத்தாய். பழியை நீ ஒருத்தியே வாங்கிக்கொண்டாய். சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு உன் பின்னால் ஒளிந்துகொள்வேன், அப்போதும் இப்படித்தான். இருபத்தைந்து வயதாகிவிட்டது எனக்கு, இனியும் ஒளிய முடியாது. இத்தோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். தொழுகைக்கு முன்னால் எல்லோருக்கும் சத்தமாகப் படி. ஹதாஸ் இருக்கும்போது படி. ரபி ஃபிங்கலுக்கும் தனியாக எழுதிவிட்டேன், போன் செய்தும் சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு தெளிந்த தண்ணீர். ஒரு அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஐந்து மாதமாக அந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாளே இணைப்பு இணைப்பாக நாலு கிலோமீட்டரும் நடந்து தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். இயாட்டி, “ஏன் தம்பி, உன் வேலை மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீ மழையில் வியாழன் தோறும் பத்தொன்பது கிலோமீட்டர் மிதிப்பதை வெட்டி வேலை என்று நினைத்தவன் நான். இங்கே குழாய் போட்டவனை ஊரே தூக்கிக் கொண்டாடுகிறது. உன்னை யாரும் கொண்டாடியதில்லை. நீ கேட்டதும் இல்லை. அக்கா, உன் கால் தூசிக்கு நான் ஆக மாட்டேன். இதை நேரில் சொல்ல வராது, அதனால் எழுதிவிட்டேன்.

வரச் சொன்னால் அடுத்த விமானத்தில் வருகிறேன். மேலே இன்னும் இரண்டு ஊருக்குக் குழாய் பாக்கி இருக்கிறது. ஆனாலும் நீ சொல்வதுதான்.

அவ்னர்


பெண்டிகோ
ஞாயிறு, 17 ஜூலை

அன்புள்ள தம்பிக்கு,

வராதே. இரண்டு ஊருக்குக் குழாயைப் போட்டு முடித்துவிட்டு வா. அரைகுறையாக விட்டுவிட்டு வந்தால் வாசலிலேயே நிற்க வைப்பேன்.

போனை வைத்தது தப்பு. குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்தாயா?

உன் தாள் வியாழக்கிழமை கிடைத்தது. மறுநாள் மாலை, விளக்கேற்றுவதற்கு முன்பே எல்லோரையும் வரச் சொல்லிப் படித்தேன். வெயில், சேறு, ஏணி என்று ஒரு சாக்கும் எழுதாமல் ‘தெரிந்தே செய்தேன்’ என்று மட்டும் எழுதியிருந்தாய். அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை எலியாவ் வாங்கிப் படித்தான். ஒருவன் எழுந்து, இனிமேல் நீ தொட்ட எதையும் நம்ப முடியாது என்று கடுப்போடு சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, கேட்டுக்கொள். வேறு இரண்டு பேர் செப்டம்பர் விடுமுறையில் உன்னோடு மண் வெட்ட வருகிறோம் என்றார்கள். விமானச் சீட்டும் பார்த்துவிட்டார்கள்.

ஹதாஸ் கடைசி வரிசையில் இருந்தாள். அவள் என்ன சொல்வாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். “அவன் ஒளிச்சு வெச்சிருந்தா நமக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது. சொன்னானே, அதுக்கு எவ்வளவு நெஞ்சு வேணும்” என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் உனக்காக அதைக் கேட்கவில்லை. நீ வந்து உன் வாயால் கேள்.

ஆனால் அவள் இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தாள், உனக்கு எழுத வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்து, ஓடைப் பக்கம் இனி உன் வேலை இல்லை என்றாள். எனக்கு முகம் செத்துவிட்டது. “கோவிச்சுக்காத. யாரோ பாத்துச் சொல்லி நான் நம்பணும்னா எனக்கு இனிமே முடியாது. நானே பாத்துச் சொல்றேன்” என்றாள். வியாழக்கிழமை பிள்ளைகளைக் கவ்ரியேலிடம் விட்டுவிட்டு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்குகிறாள். முள்ளை வெட்டிப் பாதையே போட்டுவிட்டாள். பாம்பு ஒன்றைப் பார்த்ததாகவும், அது இவளைப் பார்த்து ஓடிப்போனதாகவும் சொல்கிறாள். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டார்கள். கவ்ரியேல் மெல்பர்னுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டான்.

இந்த வெள்ளிக்கிழமை மதியம் நான் மருந்துக்கடையில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். போன் ஒலித்தது. வாரா வாரம் நான் அனுப்பும் செய்தி, முதல் முறையாக எனக்கு வந்தது. அதை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன்.

‘நான் ஹதாஸ். திர்சா ஊரைச் சுத்திப் பாத்துட்டா. ஓடைக்கு அந்தப் பக்கம் பதினோரு கம்பத்தையும் நான் கிட்டப் போய்த் தொட்டுப் பாத்தேன். கம்பி உச்சி மேலதான் போகுது. எல்லாரும் புள்ளைங்களத் தூக்கிட்டு வெளிய வாங்க.’

அக்கா
திர்சா